பிராஸ் பாசா வளாகத்து அச்சுக்கடையும் மகளின் கான்பராக் கையேடும்

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகளுக்கும் அவள் குழுவினர் மூவருக்கும், ஏதேனும் ஒரு நாட்டின் தலைநகரைப் பற்றி மாணவர்களுக்கான சுற்றுலாக் கையேடு ஒன்றைத் தமிழில் உருவாக்கும் பணி வகுப்பில் கொடுக்கப்பட்டது. சிங்கப்பூரின் செம்பவாங் வட்டாரத்தில் நாங்கள் நாள்தோறும் ஏறி இறங்கும் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் பெயரே கான்பரா என்பதால், ஆஸ்திரேலியத் தலைநகரைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் உறுதியாக இருந்தாள். அந்தக் கையேட்டில் 30 படிகளை அச்சிட்டுத் தந்த, பிராஸ் பாசா வளாகத்துக் கடை ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன். குறை ஒன்றையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

பிள்ளைகள் நன்றாகவே உழைத்திருந்தார்கள். சிட்னியும் மெல்பர்னும் தலைநகராகும் உரிமைக்குப் போட்டியிட்டதால் இரண்டுக்கும் இடையே புதிய நகரம் அமைந்ததையும், அதன் வடிவமைப்புக்கான போட்டியில் சிக்காகோவின் வால்டர் பர்லி கிரிஃபின் 1912இல் வென்றதையும் முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். நம் ஜூன் விடுமுறை அங்கே குளிர்காலம், இரவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கிவிடும் என்பதால், பயணப்பையில் வைக்க வேண்டியவற்றுள் கம்பளி ஆடை முதலிடம் பெற்றிருந்தது. அனுமதிக் கட்டணம் இல்லாத போர் நினைவகத்துக்குத் தனிப் பக்கமே ஒதுக்கியிருந்தார்கள். மாணவர் கையேட்டுக்கு அது மிகப் பொருத்தம்.

ஏ4 தாளை மூன்றாக மடிக்கும் அமைப்பில், ஒவ்வொரு பக்கத்தையும் 99 மில்லிமீட்டர் எனச் சமமாகப் பிரித்திருந்தார்கள். உள்ளே மடியும் பக்கம் 97, மற்ற இரண்டும் 100 என்று இருந்தால்தான் ஓரம் முட்டிக் கசங்காது என்று கடையின் மூத்த ஊழியர் வெற்றுத்தாள் ஒன்றை மடித்துக் காட்டியே விளக்கினார். அதைவிட என்னை நெகிழவைத்தது அடுத்து நடந்தது. நாடாளுமன்றக் கட்டடத்தின் 81 மீட்டர் உயரக் கொடிக்கம்பத்தைப் பற்றிய வரியில் விரலை வைத்து, "இந்தப் புள்ளிவட்டம் உங்கள் எழுத்தில் உள்ளதுதானா?" என்று கேட்டார். அவருடைய கணினியில் எங்கள் எழுத்துரு இல்லாததால், 'கொ' சிதைந்து, ககரம் ஒரு பக்கமும் துணைக்குறிகள் புள்ளிவட்டத்தோடு மறுபக்கமுமாகக் கிடந்தன. தமிழ் அறியாத அவர், நாங்கள் கொண்டுபோயிருந்த மாதிரித் தாளோடு வரிவரியாக ஒப்பிட்டுத்தான் அதைக் கண்டுபிடித்திருக்கிறார். எழுத்துருவையும் உள்ளே பதித்துப் புதிய பிடிஎஃப் கோப்பு ஒன்றைத் தரும்படி சொன்னார். அதற்குப் பிறகு ஓர் எழுத்தும் பிறழவில்லை. தமிழில் அச்சிடக் கொடுத்துக் கொம்பும் காலும் இடம் மாறி வாங்கியவர்களுக்கு இந்தக் கவனத்தின் அருமை தெரியும்.

குறை மடிப்பில் நேர்ந்தது. கனமான பளபளப்புத் தாளைப் பரிந்துரைத்தவர்கள், அதற்கு முன்கூட்டியே மடிப்புத்தடம், அதாவது மடிக்கும் இடத்தில் அழுத்திப் பதிக்கும் கோடு, போட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. பர்லி கிரிஃபின் ஏரியின் படம் மடிப்பின் குறுக்கே விரிந்திருந்ததால், நீலம் வெடித்து ஏரியின் நடுவே வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. படம் இல்லாத மடிப்பிலும் உற்றுப் பார்த்தால் வெடிப்பு தெரிந்தது. முறையிட்டதும் மறுப்பேதும் சொல்லாமல் 30 படிகளையும் மீண்டும் அச்சிட்டார்கள். ஆனால் மடிப்புத்தடத்துக்கென 5 வெள்ளி கூடுதலாகக் கேட்டது எனக்கு வருத்தமே. புதிய படிகளில் ஏரி முழுமையாக இருக்கிறது. அங்கே செல்வோர் தாளின் கனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே மடிப்புத்தடத்தையும் கேட்டுவிடுங்கள். கேட்டால் நேர்த்தியாகச் செய்து தருகிறார்கள்.