மூன்று வருடக் குவாரண்டைன் தொட்டியும் தீராத அம்மோனியாவும்

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி போன வாரம் கேட்டார்: “அண்ணா, புதுக் கடல்மீனுக்குன்னு தனித் தொட்டி கட்டாயம் வேணுங்களா?” வேணும் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். புது மீனை மற்ற மீன்களோடு சேர்க்கும் முன் நோய் தீரத் தனியே வைத்திருக்கும் தொட்டிதான் குவாரண்டைன் தொட்டி. மீதிக் கதை நீளம், அதனால் எழுதுகிறேன்.

தனித் தொட்டி இல்லாத காலத்தில், சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த பவுடர் ப்ளூ டாங் என்ற கடல்மீன் ஒன்றை நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி, மீன்மேல் ஒட்டி வாழும் ஒட்டுண்ணியின் வேலை. பத்தே நாளில் ஆறு மீனில் நாலு போய்விட்டது. மிச்ச இரண்டையும் வெளியே எடுத்து, 76 நாள் அந்தத் தொட்டியை மீனில்லாமல் ஓட்டினேன். ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழிவதற்கு அவ்வளவு நாள் விடுவதுதான் வழக்கம்.

அப்போது வாங்கியதுதான் இந்த 70 லிட்டர் தொட்டி. ஒட்டுண்ணியைக் கொல்லும் காப்பர் (செம்பு) மருந்தைப் பாறையும் மணலும் உறிஞ்சிவிடும் என்பதால் உள்ளே இரண்டும் கிடையாது, ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அவ்வளவுதான். செலேட்டட் வகைக் காப்பர், 2.25 முதல் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு), 30 நாள். மீன்மேல் ஒட்டியிருக்கும் புள்ளியை மருந்து தொடாது. அது உதிர்ந்து, கூடு கட்டி, குஞ்சு பொரித்து நீந்தி வரும்போதுதான் கொல்லும். அதனால் நாளைக் குறைக்க முடியாது. மூன்று வருடத்தில் 14 மீன் இதன் வழியே பெரிய தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய தொட்டியில் அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட நான் பார்க்கவில்லை.

ஆனால் மீன் கழிவிலிருந்து வரும் அந்த விஷம், அம்மோனியா! பாறை இல்லாத தொட்டியில் கழிவைத் தின்னும் பாக்டீரியா உட்கார இடமே அந்த ஸ்பாஞ்ச் மட்டும்தான். கடல்நீரின் பிஎச் (காரத்தன்மை அளவு) 8.2, சேலத்துச் சித்திரை வெயிலில் தண்ணீர் 31 டிகிரி போகும். பிஎச்சும் சூடும் கூடக்கூட அதே அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகிறது. அம்மோனியாவை அடக்கும் மருந்தைக் காப்பரோடு கலப்பதும் ஆபத்து. சரி, தண்ணீர் மாற்றலாம் என்றால், 20 லிட்டர் மாற்றும்போது அந்த 20 லிட்டருக்கும் காப்பர் கலந்துதான் ஊற்ற வேண்டும். அளவு 2-க்குக் கீழே இறங்கினால் நாள்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. வேலை முடிந்து வந்து ராத்திரி பதினோரு மணிக்கு வாளியும் டெஸ்ட் கிட்டுமாக நிற்பேன். காப்பரில் ஊறிய ஸ்பாஞ்ச் பெரிய தொட்டிக்குத் திரும்பக் கூடாது, பவளமும் இறாலும் தாங்காது. ஒவ்வொரு முறையும் புதிது வாங்கி, பாக்டீரியா பிடிப்பதற்காகச் சம்பில் (பெரிய தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) ஆறு வாரம் ஊறப்போட வேண்டும்.

பங்குனியில் நான் ஒரு வாரம்தான் ஊறவிட்டேன். ஃபாக்ஸ்ஃபேஸ் மீன் வந்துவிட்டது, காத்திருக்க மனசில்லை. நன்றாகத் தின்னும் மீன், கழிவும் அதிகம். ஈரோட்டில் கல்யாணத்துக்குப் போய் இரண்டாம் நாள் திரும்பினால், குழாய்க்குள்ளேயே செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு புள்ளி இல்லை. காப்பாற்ற வாங்கிய தொட்டிதான் அதைக் கொன்றது.

தம்பி கட்டாயம் தனித் தொட்டி வைக்கட்டும். எனக்கு மனசு விட்டுப்போச்சு, இனிமேல் புது மீன் இல்லை. தொட்டியை ப்ளீச் போட்டுக் கழுவி மாடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், காசு வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளட்டும். ஸ்பாஞ்சை மட்டும் இப்போதே புதிதாக வாங்கிக் கொடுத்தால், என் சம்பில் ஆறு வாரம் ஊறவைத்துத் தருகிறேன். அதுவரை அவர் மீன் வாங்கக் கூடாது.