69 அங்குலத் தண்ணீர்ச்சறுக்கு ஸ்கீயும் இவர் காலுக்கு ஒரு பூட் காலணியும்

படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் ஸ்கீ என்ற சறுக்குப் பலகையோடு தண்ணீர்மேல் போகும் என் வீட்டுக்காரர் தண்ணீரில் விழுவதை நான்கு வருஷமாக ஒரே இடத்திலிருந்து பார்த்துவருகிறேன். படகு ஓட்டுவது என் தம்பி. நான் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு "எழுந்துட்டார்", "விழுந்துட்டார்" என்று சொல்ல வேண்டும். விழுந்தவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார், ஒன்றுமில்லை என்பதற்கு. அந்தக் கையைப் பார்க்கும் வரை எனக்கு மூச்சு வராது.

இரண்டு ஸ்கீயில் நன்றாகவே போவார். ஒற்றை ஸ்கீக்கு, அதாவது ஸ்லாலமுக்கு, மாற வேண்டும் என்று ஆசை வந்ததும்தான் தொல்லை ஆரம்பித்தது.

முதல் ஸ்லாலம் ஸ்கீயை அவரே வாங்கினார். போட்டிகளுக்குப் போகும் ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றது. முழுக் கார்பன் இழை, 66 அங்குலம், வால் பக்கம் ஒடுங்கி, ஓரமெல்லாம் கூர்மையாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைத்துவிட்டு அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட என்னை அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

குறை ஸ்கீயில் இல்லை. ஆள்தான் மாறிப்போனது. அந்த மாதிரி ஸ்கீயைச் செய்வது ஸ்லாலம் பாதைக்காக. 259 மீட்டர் நீளம், ஆறு மிதவைகள், ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி. பெரிய போட்டிகளில் ஆண்களுக்குப் படகு மணிக்கு 58 கிலோமீட்டர் வேகம் வரை போகும், பெண்களுக்கு 55. அந்த வேகத்தில் தண்ணீர் கெட்டித் தரை மாதிரி தாங்கும், மெலிந்த ஸ்கீ போதும். இவர் போவது 45, 46. மிதவையைச் சுற்றுவதெல்லாம் கிடையாது. படகு கிளப்பும் அலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை தாண்டிவிட்டாலே அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. மெதுவாகப் போகிறவரை மேலே தூக்கிப் பிடிக்கத் தண்ணீருக்குப் பரப்பு வேண்டும். 92 கிலோ ஆளை 66 அங்குலக் குச்சியில் நிறுத்தி 45-இல் இழுத்தால், அது கப்பல் மாதிரி அமுங்கித்தான் போகும். எழுவதற்குள் கை இரண்டும் கழன்றுவிடும்போல ஆனது. ஒரு நாள் காலையில் பதினோரு தடவை முயன்று ஒன்பது தடவை விழுந்தார். எண்ணியது நான்.

அன்றைக்குத்தான் இவருக்கு நானே பார்த்து ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன், அவரிடம் சொல்லாமல்.

ஸ்லாலம் ஸ்கீயின் அளவு அட்டவணையில் கேட்பது இரண்டே விஷயம்: எடை எவ்வளவு, படகின் வேகம் எவ்வளவு. உயரத்துக்கு அதில் வேலையே இல்லை. விற்கிறவர் முதலில் உயரம் கேட்டால், பனிச்சறுக்கு ஸ்கீயோடு போட்டுக் குழப்புகிறார் என்று அர்த்தம். எடை கூடினால் பெரிய ஸ்கீ. வேகம் குறைந்தாலும் பெரிய ஸ்கீ. இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், கற்றுக்கொள்கிறவருக்குப் பெரியதை எடுப்பதுதான் சரி. இன்னொன்று, எடையை ஆளிடம் கேட்காதீர்கள். இவர் இன்றுவரை 86 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தராசில் ஏறச் சொல்லிப் பார்த்தால் 92. அந்த ஆறு கிலோ ஒரு அளவையே மாற்றிவிடும்.

நான் எடுத்தது ரேடார் செனட், 69 அங்குலம். அதே நிறுவனத்தில் இதைவிட அகலமான கட்டானா உண்டு, மெலிந்த போட்டி ஸ்கீயான வேப்பர் உண்டு. செனட் இரண்டுக்கும் நடுவில். கட்டானாதான் இன்னும் சுலபமாக எழும்பியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர் குணம் எனக்குத் தெரியும். எழுந்து நிற்கப் பழகிய மறுவாரமே "இது திரும்பவே மாட்டேங்குது" என்று ஆரம்பிப்பார். செனட்டே பல தரங்களில் வருகிறது. உச்சத் தரத்தை வேண்டாம் என்றேன். கார்பன் கூடக் கூட ஸ்கீ லேசாகும், விறைப்பாகும், காலின் சின்ன அசைவுக்கும் உடனே பதில் சொல்லும். நன்றாக ஓட்டுகிறவருக்கு அது வரம். கால் இன்னும் நடுங்குகிறவருக்கு நடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்கிக் காட்டும்.

ஸ்கீயைத் தேர்ந்தெடுக்க ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. ஸ்கீயில் காலை மாட்டிக்கொள்ளும் காலணியான பூட்டுக்கு மூன்று வாரம் ஆனது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

முதல் கேள்வி, எந்தக் கால் முன்னால்? பின்னாலிருந்து திடீரென்று தள்ளினால் எந்தக் காலை எடுத்துவைக்கிறாரோ அது முன்கால் என்பார்கள். சமையலறை வாசலில் தள்ளிப் பார்த்தேன். வலது காலை வைத்தார். திரும்பி, "ஏம்மா, இப்ப நான் என்ன பண்ணேன்?" என்றார். சமாளித்துவிட்டேன். ஆனால் படகிலிருந்து நான் பார்த்தது வேறு. இரண்டு ஸ்கீயில் போகும்போது ஒன்றைக் கழற்றிவிட்டுப் பழகுவாரே, அப்போதெல்லாம் கழற்றுவது வலதுகால் ஸ்கீயை. நிற்பது இடது காலில். எடையைத் தாங்கும் அந்த இடது கால்தான் முன்கால். தள்ளுவதெல்லாம் விளையாட்டு. தண்ணீரில் ஒற்றைக்காலைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், விடை அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது பாத அளவு. தூங்கும்போது பழைய செய்தித்தாளைப் பாதத்தில் ஒட்டவைத்துப் பென்சிலால் வரைந்தேன். இடது பாதம் வலதைவிடக் கொஞ்சம் நீளம். முன்கால் பூட்டுக்கு இடது பாதத்தின் அளவைத்தான் பார்க்க வேண்டும் என்பதால் இந்தச் சின்ன விஷயம் பெரிய விஷயம் ஆனது. ஸ்கீ பூட்டுகள் செருப்பு மாதிரி ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக வருவதில்லை. நான்கைந்து எண்ணுக்கு ஒரே பூட். அந்த வரம்பின் ஓரத்தில் விழுகிற பாதம் என்றால் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நான் வாங்கினேன். முதல் பூட் திரும்பிப் போனது.

பிறகு, பின்காலுக்கு என்ன? இரண்டு காலுக்கும் முழுப் பூட் போடலாம். அல்லது முன்காலுக்குப் பூட், பின்காலுக்கு விரல் பக்கம் மட்டும் நுழைகிற ஒரு பட்டை, டோ பிளேட். இவருக்கு எப்போதுமே இரண்டு பூட்தான் பிடிக்கும், பார்க்க அழகு என்று. தம்பியும் அவர் பக்கம். ஆழத்திலிருந்து எழும்போது முழங்காலை நெஞ்சோடு ஒடுக்கி, ஸ்கீ மூக்கைத் தண்ணீருக்கு மேலே நேராக நிறுத்தி, கயிறு இழுக்கும்வரை ஆடாமல் கிடக்க வேண்டும். இவர் வயிறு அந்த ஒடுக்கத்துக்குச் சம்மதிக்காது. டோ பிளேட் இருந்தால் பின்காலை வெளியே விட்டு, சுக்கான் மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டு எழலாம். நேரே வந்ததும் காலை உள்ளே நுழைத்துக்கொள்ளலாம். அதனால் நான் டோ பிளேட் பக்கம்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு, மறைக்கக் கூடாது. விழும்போது பின்கால் சுலபமாக வெளியே வந்துவிடும். முன்கால் மட்டும் மாட்டிக்கொண்டால் ஸ்கீ முறுக்குகிற முறுக்கு முழுவதும் ஒரே கணுக்காலுக்குப் போகும். கார்பன் ஸ்கீயோடு வந்த, ஆமை ஓடு மாதிரி கெட்டியான பூட்டை நான் அடியோடு மறுத்ததற்குக் காரணம் இதுதான். அந்த வகைப் பூட்டுகளில் கழன்றுகொள்ளும் அமைப்பு உண்டு. அதை எடைக்கும் விசைக்கும் ஏற்ப முறுக்கிவைக்கத் தெரிந்தவருக்கு அது சரி. முந்தின ஆள் யாருக்காக முறுக்கிவைத்தாரோ, அதையே அப்படியே போட்டுக்கொண்டு போகிறவருக்கு இல்லை. மெத்தென்ற உள்ளுறையும் இறுக்கிக் கட்டும் கயிறும் உள்ள பூட், பலமாக விழுந்தால் குதிகால் தானாக வழுக்கி வெளியே வருகிற மாதிரி. இதுதான் என் நிபந்தனை.

இரண்டாவது பூட் வந்த அன்று ரகசியம் உடைந்தது, காலில் போட்டுப் பார்க்க வேண்டுமே. காய்ந்த காலை உள்ளே திணித்தால் போகாது. பாத்திரம் தேய்க்கும் சோப்பை இரண்டு சொட்டு தண்ணீரில் கலக்கி உள்ளே தடவினேன். பாதம் சறுக்கிப் போய், குதிகால் இறங்கிய இடத்தில் புஸ் என்று ஒரு சத்தம். உள்ளே இருந்த காற்று வெளியே போகும் சத்தம் அது. அது வந்தால் குதிகால் சரியாக உட்கார்ந்தது என்று வைத்துக்கொண்டேன். கயிற்றை இறுக்கி, முழங்காலை மடக்கி முன்னால் சாயச் சொன்னேன். குதிகால் மேலே எழும்பவில்லை. கட்டைவிரல் முனை லேசாகத் தொட்டது, மடங்கவில்லை. அப்படியே பத்து நிமிஷம் நாற்காலியில் உட்காரவைத்தேன். நனைந்தால் உறை கொஞ்சம் இளகும், வீட்டில் "கொஞ்சம் பிடிக்குது" என்றால்தான் தண்ணீரில் சரியாக இருக்கும். மரத்துப்போனால் அளவு தவறு. இவருக்கு மரக்கவில்லை. பத்து நிமிஷமும் கால் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஸ்கீயைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பூட் வேறு நிறுவனம் என்பதால், பூட்டின் அடித்தகடான பிளேட்டின் ஓட்டைகள் ஸ்கீயின் திருகுக் குழிகளோடு பொருந்துமா என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். நடு ஓட்டையில் மாட்டினோம். திருகை எட்டுத் தடவை சரிபார்த்தேன். முதல் நாள் தண்ணீரில் ஸ்கீ மூக்கு வானத்தைப் பார்த்தது. பாதி அவர் பின்காலில் சாய்வதால், மீதி பூட் இருந்த இடத்தால். ஒரு ஓட்டை முன்னால் தள்ளினோம். மூக்கு இறங்கியது. பயப்படாதீர்கள், கால் இடம் மாறினால் ஸ்கீயே வேறு ஆள் மாதிரி நடந்துகொள்ளும். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு ஓட்டைதான்.

ஸ்கீயின் வால் அடியில் மீன் துடுப்பு மாதிரி நிற்கிற ஃபின்னைத் தொடக் கூடாது என்பது மட்டும் என் சட்டம். அதன் நீளம், ஆழம், வாலிலிருந்து உள்ள தூரம் எல்லாவற்றையும் காலிப்பர் என்ற அளவுக் கருவி வைத்து அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் நகர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். தம்பி ஆலன் சாவியோடு வந்து நின்றான். "டேய், முதல்ல மாமா எழுந்து நிக்கட்டும்" என்று சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று ஏழு தடவையில் ஐந்து தடவை எழுந்தார். பின்காலை இழுத்துக்கொண்டே வந்து, நிதானித்து, பட்டைக்குள் நுழைத்தார். எழும்பும்போது ஸ்கீ அமுங்கவில்லை, தம்பிக்கும் விசையை வாரி இறைக்க வேண்டியிருக்கவில்லை. ஆறாவது வாரம் அலையைத் தாண்டித் திரும்பினார். திரும்பும்போது ஸ்கீ வழுக்காமல் ஓரத்தில் பிடித்து நின்றதைப் படகிலிருந்தே பார்க்க முடிந்தது. கட்டானா வேண்டாம் என்று நான் எடுத்த முடிவுக்கு அன்றைக்குத்தான் நிம்மதி.

குறை பூட்டில்தான். கயிற்றைப் பூட்டும் கொக்கி நனைந்தால் வழுக்குகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கயிற்றை ஒரு முடிச்சுப் போட்டுச் சமாளிக்கிறோம். முடிச்சு இருந்தால் கழற்றுவது சிரமம் என்பது எனக்குப் பிடிக்கவில்லை, வேறு கொக்கி தேடிக்கொண்டிருக்கிறேன். ஸ்கீயைப் பற்றி ஒரே புகார், நீளம். காரில் ஒரு பக்கமாகச் சாய்த்தால் என் தலைக்குப் பக்கத்தில் மூக்கு வருகிறது.

1922-இல் அமெரிக்காவின் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் எட்டடிப் பைன் பலகை இரண்டை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டை ஆரம்பித்தாராம். எட்டடியே காரில் போயிருக்காது என்று இவரிடம் சொன்னேன். அவருக்கு அது உறைத்த மாதிரி தெரியவில்லை. போன வாரம் மெதுவாக, "ஏம்மா, 67-க்கு மாறலாமா?" என்று கேட்டார். அட்டவணையை எடுத்துக் காட்டினேன். "86 கிலோவுக்கு வாங்க, பேசலாம்" என்றேன். பேச்சு இப்போதைக்கு அதோடு நிற்கிறது.