இழுவை மடி, செவுள் வலை, தூண்டில்: பாக் விரிகுடாவுக்கு எது பொருந்தும்?

பாக் விரிகுடாவில், விசைப்படகு கடல்தரையோடு இழுத்துப்போகும் பை வலையான இழுவை மடியை ஒழிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் மாற்றாகச் செவுள் வலையைத்தான் கை காட்டுகிறார்கள். தேர்ந்து பிடிக்கிற வலை என்று அதற்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரில் பாதிதான் உண்மை. மீனின் பருமனை அந்த வலை தேர்ந்தெடுக்கும், என்ன உயிர் என்று பார்க்காது. தூண்டிலையும் சேர்த்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதை எங்கே வைத்துக்கொள்வது என்று புரியும்.

இழுவை மடியைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை. விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூடத் தாண்டாது. அந்தத் தரையைச் சங்கிலியும் பலகையும் கட்டிய மடி மணிக்கணக்கில் உரசிக்கொண்டு போகிறது. இறாலுக்காக இழுத்த மடியில் காரல் குஞ்சு, நண்டுக் குஞ்சு, கடற்குதிரை, வேரோடு வந்த கடற்புல் எல்லாம் ஏறிவிடும். கரையில் அந்தக் குவியலுக்குச் சங்காயம் என்று பெயர். அது மீன்மாவு ஆலைக்குப் போகிறது. கண்ணியை, அதாவது வலையின் துளையை, பெரிதாக்கச் சொல்லி விதி போட்டும் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் மடி நிறைந்து இழுபடும்போது கண்ணி இறுகி மூடிக்கொள்கிறது. இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. தமிழ்நாட்டுக் கரையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்துக்கொண்ட வழக்கம் வந்ததற்கும், இழுவை மடி மற்றவர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போனதே காரணம்.

செவுள் வலை வேலை செய்யும் விதமே வேறு. மேலே மிதவை, கீழே ஈயக்குண்டு, நடுவில் சுவர் மாதிரி நிற்கும் வலை. மீன் தெரியாமல் கண்ணிக்குள் தலையை நுழைக்கும், உடம்பின் பருத்த இடம் தடுக்கும், பின்வாங்கினால் நூல் செவுள் மூடிக்குள் மாட்டிக்கொள்ளும். சல்லடையில் சிறியது விழும், பெரியது தங்கும். இங்கே சிறியது நுழைந்து போய்விடும், பெரியது தலை நுழையாமல் திரும்பிவிடும், நடுத்தரம் மட்டும் சிக்கும். கண்ணிக்குப் பொருத்தமான நீளத்திலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் கூடியோ குறைந்தோ இருக்கும் மீன் அதில் அவ்வளவாகச் சிக்காது என்று ரஷ்ய விஞ்ஞானி பாரனோவ் நூறு ஆண்டுக்கு முன்பே கணித்துச் சொன்னார். குஞ்சு தப்புகிறது, தரை கிளறப்படுவதில்லை, டீசல் செலவும் குறைவு. இழுவை மடியோடு மட்டும் ஒப்பிட்டால் செவுள் வலை சந்தேகமில்லாமல் மேல்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் செவுளில் மாட்டும் மீனுக்குத்தான். ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் கடற்பசுவும், ஆமையும், ஓங்கல் என்னும் டால்பினும் செவுளில் மாட்டுவதில்லை. துடுப்போ வாலோ நூலில் சுற்றிக்கொள்கிறது. திமிறத் திமிற இன்னும் சுற்றும். மூச்சு வாங்க மேலே வர முடியாமல் மூழ்கிச் செத்துப்போகின்றன. திருக்கைக்குப் போடும் பெருங்கண்ணி வலையை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சு மீன் ஒன்றுகூட அதில் நிற்காது. அளவு பார்த்துப் பிடிப்பதில் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் ஆவுளியாவுக்கு அதைப்போல ஆபத்தான வலை வேறில்லை. கண்ணியைப் பெரிதாக்கு என்ற அறிவுரை மீன்குஞ்சைக் காப்பாற்றும், கடற்பசுவைக் காப்பாற்றாது. சில ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும் உயிர் அது. வலையில் ஒன்று செத்தால் அந்த இழப்பு ஈடாக எத்தனையோ ஆண்டுகள் ஆகும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தது. வலை போட்டுப் பிழைக்கிறவர்களின் கடலும் அதுதான்.

நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒற்றை இழை நைலான் நூலில் செய்த நரம்பு வலை (இலங்கையில் தங்கூசி வலை என்பார்கள்) தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. விலை மலிவு என்பதால் கிழிந்தால் யாரும் உட்கார்ந்து பின்னுவதில்லை. நண்டு வலை கரைக்கு வந்ததும் பாருங்கள். நண்டின் முள்ளிலும் காலிலும் நூல் பின்னிக்கிடக்கும், கால் முறியாமல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், கால் போன நண்டுக்கு விலை இறங்கிவிடும். நண்டோடு சங்கும் பாசியும் பவளத் துண்டும் சிக்கியிருக்கும். அவ்வளவையும் கழற்றுவதைவிடப் புது வலை வாங்குவது லாபம் என்று தோன்றும் நாளில் பழையது கடலுக்கோ கடற்கரைக்கோ போகிறது. கடலில் விட்டது மக்காமல் கிடந்து பிடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. இலங்கை 2006-லேயே தங்கூசி வலையைத் தடை செய்தது. நாமும் செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தூண்டிலில் நிலைமை வேறு. இரையும் முள்ளின் அளவும் பார்த்துப் போட்டால் வேண்டிய மீன் பெரும்பாலும் உயிரோடு, அடிபடாமல் வரும். ஆமை கடித்தால்கூட முள்ளைக் கழற்றி விட வாய்ப்பு உண்டு, வளைந்த வட்ட முள்ளாக இருந்தால் அது விழுங்குவதும் குறையும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடல் தூண்டிலுக்குப் பேர்போனவர்கள். குறை இல்லாமல் இல்லை: நீளக் கயிற்றில் வரிசையாக முள் கட்டிய நீள்வரித் தூண்டிலில் சுறாக்கள் நிறையச் சாகின்றன, இரைக்கே பெரும் பணம் போகிறது. நண்டு, இறால், மத்திக்கு அது உதவாது. விரிகுடாவுக்குள் பிழைப்பை முழுக்கத் தூண்டிலில் நிறுத்த முடியாது.

அதனால் என் தீர்ப்பு இடத்தைப் பொறுத்தது. விரிகுடாவுக்குள் செவுள் வலை இருக்கட்டும், ஆனால் கடற்புல் படுகையில் பெருங்கண்ணி வலை கூடாது, எந்த வலையையும் இரவெல்லாம் ஆளில்லாமல் விட்டுவைக்கக் கூடாது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் செச்சுரா விரிகுடாவில் வலையில் பச்சை விளக்கு கட்டிப் பார்த்தபோது பேராமை என்னும் பச்சைக் கடலாமை சிக்குவது ஏறத்தாழ 64 சதவீதம் குறைந்தது. இங்கும் கட்டிப் பார்க்கலாம், விளக்குக்கும் பேட்டரிக்கும் ஆகும் செலவை அரசு ஏற்றால்.

ஆழ்கடலில் சூரை (டூனா) மீனுக்குத் தூண்டில்தான். இந்தியப் பெருங்கடலில் சூரைக்குப் போட்ட செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை சிக்கிய ஓங்கல் போன்ற சிறு கடற்பாலூட்டிகள் சுமார் 41 லட்சம் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பாகிஸ்தான் மீனவர்கள் வலையை நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே இறக்கிப் போட்டதில் இப்படிச் சிக்குவது வெகுவாகக் குறைந்தது, ஆனால் நின்றுவிடவில்லை. 2017-இல் தொடங்கிய பாக் விரிகுடாத் திட்டத்தில் இழுவைப் படகுக்குப் பதிலாகத் தரத் தீர்மானித்த 80 லட்சம் ரூபாய்ப் படகு, தூண்டில், செவுள் வலை இரண்டையும் போடுவதற்கானது. அதில் 70 சதவீதம் மத்திய, மாநில அரசுகளின் பணம். அந்தப் பணத்தை வாங்கித் தருகிற அதிகாரிகள், படகில் எந்தக் கருவி ஏறுகிறது என்பதையும் நிபந்தனையாக எழுதலாம். தூண்டிலுக்கும் இரைக்கும் பயிற்சிக்கும் முதலில் கொடுக்கட்டும், ஆழ்கடலுக்குப் போகும் படகில் வலைக்கு மானியம் வேண்டாம்.