ஏழு வருஷப் பிரிண்டர்: மை எங்கே போகிறது?

ஒரு நாள் காலையில் அச்சுப்படியைக் கையில் எடுத்தால் பாதிப் புள்ளிகளைக் காணோம். ‘கண்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கண’. ‘பால்’ என்பது ‘பால’. எழுதியவர் மேல் எரிச்சலோடு சிவப்புப் பேனாவைத் திறந்து நாலு வரி திருத்திய பிறகுதான் உறைத்தது: கோப்பில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, புள்ளியைத் தின்றது என் பிரிண்டர். மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. திரையில் கண் தாண்டிப் போகிற பிழை தாளில் மாட்டிக்கொள்ளும் என்பதற்காகவே ஏழு வருஷத்துக்கு முன் இந்த இங்க்ஜெட்டை வாங்கினேன். பிழை பிடிக்க வாங்கிய மிஷின் தானே பிழை போட ஆரம்பித்துவிட்டது.

கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் சொல்லப்போவதில்லை. அந்த மாடல் இப்போது விற்பனையில் இல்லை. அதோடு, நான் சொல்லப்போகிற சங்கதிகளில் முக்கால்வாசி எந்தப் பிராண்டை வாங்கினாலும் வந்து சேரும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. தாள் இழுக்கும் ரப்பர் உருளையை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் மறுபடி ஒழுங்காக இழுக்கிறது. வைஃபை மட்டும் தூங்கிவிட்டு எழவே எழாது. இரண்டாம் மாதமே யூஎஸ்பி கேபிளுக்கு மாறிவிட்டேன். எழுத்தின் கூர்மை அருமை. ‘ணை’யின் கொம்பும் சுழியும் ஒட்டாமல் விழும். இந்தத் தரத்துக்காகத்தான் இத்தனை நாள் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மல்லுக்கட்டு மையில் தொடங்கியது. பெட்டியோடு வந்த கார்ட்ரிட்ஜ்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்தன. முதல் முறை பொருத்தும்போது மையைத் தாளில் தெளிக்கும் ஹெட் வரை உள்ள பாதை முழுவதையும் மையால் நிரப்ப வேண்டும், அதில் கணிசமான அளவு போய்விடும். சில கம்பெனிகள் பெட்டியில் வைக்கும் கார்ட்ரிட்ஜில் மையே குறைவாகத்தான் இருக்கும். அடுத்த செட்டை வாங்கப் போனபோதுதான் பிரிண்டர் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று விளங்கியது. நாலு நிறத்துக்கும் சேர்த்துக் கொடுத்த தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னொரு பிரிண்டரே வந்துவிடும்.

அட்டையில் ‘இத்தனை பக்கம்’ என்று போட்டிருக்கும் எண் பொய் என்று பலர் திட்டுகிறார்கள். பொய் இல்லை. ஐஎஸ்ஓ/ஐஇசி 24711 என்று ஒரு தரநிலை இருக்கிறது. குறிப்பிட்ட ஐந்து பக்கங்களைத் திரும்பத் திரும்ப, கார்ட்ரிட்ஜ் தீரும்வரை தொடர்ந்து அடித்து எண்ணுவது அதன் முறை. எல்லாக் கம்பெனிக்கும் அளவுகோல் ஒன்றே என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆனால் யார் வீட்டில் அப்படி இடைவிடாமல் அடிக்கிறார்கள்? நாலு நாள் சும்மா கிடந்துவிட்டு ஐந்தாம் நாள் பன்னிரண்டு பக்கம் அடிப்பதுதான் நம் வழக்கம். இடையில் ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும் மிஷின் தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்சம் மையைத் துப்பும். அது அந்தக் கணக்கில் வராது.

இனி முக்கியமான விஷயம். ‘மை தீர்ந்துவிட்டது’ என்று பிரிண்டர் சொல்கிறதே, அதற்கு எப்படித் தெரியும்? உள்ளே எட்டிப் பார்க்கிறது என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன். என் மிஷின் அப்படி எதையும் பார்ப்பதில்லை. எண்ணுகிறது, அவ்வளவுதான். ஒரு துளி என்பது சில பிக்கோலிட்டர், அதாவது ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு. துளிக்கு நாலு பிக்கோலிட்டர் என்று வைத்துக்கொண்டால் பத்து மில்லி மையில் 250 கோடித் துளிகள். எத்தனை துளி தெளித்தோம், எத்தனை முறை கழுவினோம் என்று கூட்டிக் கழித்து, இவ்வளவு செலவாகியிருக்க வேண்டும் என்று ஒரு மதிப்பீடு போட்டு கார்ட்ரிட்ஜின் முதுகில் உள்ள குட்டிச் சிப்பில் எழுதி வைக்கும். அந்த எண் பூஜ்யத்தைத் தொட்டதும் கதவைச் சாத்திவிடும்.

நம்ப மனம் வராமல் ‘காலி’ என்று சொன்ன கறுப்பு கார்ட்ரிட்ஜ் ஒன்றை மேஜையில் பழைய செய்தித்தாளைப் பரப்பி, ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தேன். உள்ளே இருந்த பஞ்சிலிருந்து சிரிஞ்சில் ஒரு மில்லிக்கு மேல் ஏறியது. விரலெல்லாம் மூன்று நாள் கறுப்பு. இதில் கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கடைசிச் சொட்டுவரை உறிஞ்ச விட்டால் ஹெட்டுக்குள் காற்று புகுந்துவிடும், பிறகு ஹெட்டே போய்விடும். கொஞ்சம் மிச்சம் வைக்கத்தான் வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிச்சம் எவ்வளவு என்று வாங்கும்போது எங்கேயும் எழுதியிருக்கவில்லையே! ‘தீர்ந்துவிட்டது’ என்பதற்குப் பதிலாக ‘இதற்கு மேல் எடுக்க மாட்டேன்’ என்று வந்திருந்தால் என் கோபம் பாதி குறைந்திருக்கும். வார்த்தையைப் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

மூன்றாம் வருஷம் வேறு கம்பெனிக் கார்ட்ரிட்ஜுக்கு மாறினேன். கறுப்பு கொஞ்சம் சாம்பல் அடித்தது. மெய்ப்புக்கு அது போதும். எட்டு மாதம் ஓடியது. பிறகு ஒரு நாள் ஃபர்ம்வேருக்கு, அதாவது பிரிண்டருக்குள் இருந்து அதை இயக்கும் நிரலுக்கு, அப்டேட் வந்திருப்பதாகக் கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி எழும்பியது. ‘பாதுகாப்பு மேம்பாடு’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு யோசிக்காமல் சரி என்று அமுக்கினேன். மறுநாள் காலையில் ‘அடையாளம் தெரியாத கார்ட்ரிட்ஜ்’. முந்தின நாள் மாலை வரை அடையாளம் தெரிந்த அதே கார்ட்ரிட்ஜ்தான். யாருடைய பாதுகாப்பு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. 2016 செப்டம்பரில் எச்பி பிரிண்டர்கள் பல, வேற்றுச் சிப் போட்ட கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென ஏற்க மறுத்தன. கூச்சல் கிளம்பியதும் அந்த மாதக் கடைசியிலேயே, இதை இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று கம்பெனி மன்னிப்புக் கேட்டது. தடையை நீக்கிய ஃபர்ம்வேரை வேண்டுபவர்களுக்குத் தருவதாகவும் அறிவித்தது. லேசர் பிரிண்டருக்கு மைக்குப் பதிலாகப் போடும் டோனர் பொடியில் வேறொரு வழக்கு: ஒரு முறை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு லெக்ஸ்மார்க் தள்ளுபடியில் விற்ற கார்ட்ரிட்ஜ்களை மற்றவர்கள் நிரப்பி விற்றார்கள். 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு பொருளை விற்ற கணமே அதன் மீதான காப்புரிமைப் பிடி முடிந்துவிடுகிறது என்று சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாததைச் சிப்பைக் கொண்டு தடுக்கலாமே! நீதிமன்றம் எதைத் திறந்து வைத்தாலும் மிஷினுக்குள் இருக்கும் நிரல் அதைச் சாத்திக்கொள்ளும்.

வேறு மை போட்டால் வாரண்டி போய்விடும் என்பது அடுத்த மிரட்டல். அமெரிக்காவில் 1975-லேயே வந்த மாக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம், எங்கள் பெயர் போட்ட பாகத்தைப் போட்டால்தான் வாரண்டி என்று பொதுவாக நிபந்தனை வைக்கக் கூடாது என்கிறது. அந்தப் பாகத்தை இலவசமாகக் கொடுத்தால் வேறு விஷயம். வெளி மையால்தான் பழுது ஏற்பட்டது என்றால் அந்தப் பழுதுக்கு மட்டும் கம்பெனி கையை விரிக்கலாம். வேறு நாடுகளில் சட்டம் வேறாக இருக்கும். எங்கே இருந்தாலும் வாரண்டித் தாளைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிடுங்கள். நான் படித்தது வாரண்டி முடிந்த பிறகு.

நண்பர் ஒருவர் மாதச் சந்தாவில் மை வாங்கினார். மாதத்துக்கு இத்தனை பக்கம், கார்ட்ரிட்ஜ் வீடு தேடி வரும். ஒழுங்காக, நிறைய அடிக்கிறவருக்குக் கட்டுப்படியாகும்தான். அவர் வேலை குறைந்து சந்தாவை நிறுத்தியதும், பிரிண்டருக்குள் பாதி நிரம்பிய கார்ட்ரிட்ஜ்கள் ஒரே நாளில் செத்துப்போயின. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, மறைக்கவில்லை. வாடகை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பது போல என்று அவர் சமாதானம் சொல்லிக்கொண்டார். எனக்கு என்னவோ ஒப்பவில்லை.

நடுவில் ஒரு பழைய கதை. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் அடிக்கடி தாளைச் சிக்கவைத்துக்கொண்டிருந்தது. சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி நிரலை மாற்றலாம் என்று அங்கே நிரல் எழுதிக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் நினைத்தார். மூல நிரல் வைத்திருந்தவர் தர மறுத்துவிட்டார். 1983-இல் ஸ்டால்மன், யாரும் படித்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருளுக்கான க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு உள்ளே கனன்றுகொண்டிருந்த காரணங்களில் அந்தப் பிரிண்டரும் ஒன்று. பிரிண்டர் மனிதர்களைக் கோபப்படுத்துவதில் அப்படி ஒரு பரம்பரைப் பெருமை இருக்கிறது.

மறுபடி என் மிஷின். புள்ளி காணாமல் போன அன்று நாசில் செக் எடுத்தேன், அதாவது மை தெளிக்கும் துவாரங்களைச் சோதிக்கும் பக்கம். படிக்கட்டு மாதிரி வர வேண்டிய கறுப்புக் கோடுகளில் பக்கத்துப் பக்கத்தில் நாலைந்து இல்லை. மை காய்ந்து துவாரம் அடைத்திருக்கிறது. கிளீனிங் ஓட்டினேன், இரண்டு கோடு திரும்பியது. மறுபடி ஓட்டினேன், ஒன்று திரும்பி வேறொன்று போனது. மூன்றாவது முறை ஓட்டாமல் ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் எடுத்தால் எல்லாக் கோடும் இருந்தன. இது ஏழு வருஷத்தில் கற்ற உருப்படியான பாடம்: அடுத்தடுத்து கிளீனிங் அமுக்காதீர்கள், காய்ந்த மை ஊறுவதற்கு நேரம் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு பக்கமாவது அடித்துவிட்டால் அடைப்பு வருவது குறையும்.

அப்படிக் கிளீனிங்கில் துப்பும் மை எங்கே போகிறது? மிஷினின் அடிவயிற்றில் கம்பளி போன்ற ஒரு பஞ்சு இருக்கிறது. கழிவு மை முழுவதும் அதில்தான் இறங்கும். ஐந்தாம் வருஷம், ஓர் அவசர வேலைக்கு நடுவில், எல்லா விளக்கும் சேர்ந்து மின்னியது. ‘பாகத்தின் ஆயுட்காலம் முடிந்தது. சேவை மையத்தை அணுகவும்.’ அன்றைக்குப் பிறகு ஒரு பக்கம் அடிக்காது, ஸ்கேன்கூடச் செய்யாது. ஸ்கேனருக்கும் மைக்கும் என்ன சம்பந்தம்?

சேவை மையத்தில் பேசியவர் மரியாதையான பையன். “சார், மாடல் பழசு சார். இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்” என்றார். பஞ்சு மட்டும் கிடைக்குமா என்றேன். “பஞ்சு தனியா வராது சார். அப்படியே மாத்தினாலும் கவுண்ட்டரை ஜீரோ பண்ணணும், அது எங்ககிட்ட மட்டும்தான்.”

கவுண்ட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் பழைய சந்தேகம் தலை தூக்கியது. நாலு ஸ்க்ரூ கழற்றி அடித்தட்டை உருவினேன். பஞ்சு ஒரு பக்கம் தார் போலக் கனத்துக் கிடந்தது. மறுபக்கம் கையால் தொட்டால் காய்ந்த வெள்ளை. நிரம்பி வழியவில்லை. மிஷின் இதையும் பார்க்கவில்லை, எண்ணியிருக்கிறது. குழாய்த் தண்ணீரில் முக்கால் மணி நேரம் பிழிந்தேன், நீலமும் சிவப்பும் மாறி மாறி வந்து கடைசியில் ஒரு மாதிரிச் சாம்பலில் நின்றது. இரண்டு நாள் காயவைத்துப் பொருத்தினேன். பிரிண்டர் அசையவில்லை. பஞ்சு சுத்தமாகிவிட்டது என்று அதற்கு யார் சொல்வது? அந்த எண்ணைப் பூஜ்யமாக்கும் மென்பொருளுக்கு ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் சாவியைப் பணம் கொடுத்து வாங்கித் தட்டினேன். பத்தே நொடியில் விளக்குகள் அணைந்து, வழக்கம்போலத் தொண்டையைச் செருமியது.

பஞ்சு வழிந்து மேஜையை நாறடிக்காமலிருக்க ஒரு வரம்பு வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சொந்தக்காரன் பஞ்சை மாற்றிவிட்டான் என்று சொல்ல ஒரு பொத்தான் வைத்திருக்கலாம். சில புது மாடல்களில் நாமே கழற்றி மாற்றும் பெட்டியாகவே வருகிறது, ஆகையால் செய்ய முடியாத காரியமில்லை. பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதைப் பிரான்ஸ் 2015-இல் குற்றமாக்கியது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மொபைல் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. பிரிண்டர் இல்லை. எப்படி விட்டார்களோ!

எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: என்னைப் போல எழுத்து மட்டும் அடிப்பவர் கறுப்பு-வெள்ளை லேசர் வாங்குங்கள், டோனர் காயாது. கலர் வேண்டும், நிறைய அடிப்பேன் என்றால் பாட்டிலில் ஊற்றும் இங்க் டேங்க். அதிலும் கழிவுப் பெட்டியை நாமே மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டுக் காசை எடுங்கள். எப்போதோ ஒரு பக்கம் என்றால் வெளியில் அடித்துக்கொள்வது மேல். ஃபர்ம்வேர் தானாக ஏறுவதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். பாதுகாப்பு ஓட்டை அடைபடாமல் போகலாம் என்பது உண்மைதான். என் பிரிண்டர் நெட்டைப் பார்த்தே நாலு வருஷம் ஆகிறது, அதனால் எனக்கு அந்தக் கவலை இல்லை.

இதை எழுதும்போது மஞ்சள் குறைந்துவிட்டதாக விளக்கு மின்னுகிறது. இந்த வருஷம் நான் மஞ்சளில் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. அத்தனையும் கிளீனிங்கில் அந்தப் பஞ்சுக்குத்தான் போயிருக்கிறது. மஞ்சள் தீர்ந்தால் இது கறுப்பையும் அடிக்காது. வெள்ளிக்கிழமைக்குள் நூற்றுப் பத்துப் பக்கம் பார்த்துக் கொடுக்க வேண்டும், மஞ்சள் கார்ட்ரிட்ஜ் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.