எச்சரிக்கை: ஸ்டூடியோக்காரரின் கணக்கில் பாட்டை ஏற்றவிடாதீர்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முதல் பாட்டை வெளியிட ஆயத்தமாகும் குழுக்களுக்காக இதை எழுதுகிறோம். மூன்று பாட்டுக்கு ஒலிப்பதிவு, மிக்ஸிங், ஸ்பொட்டிஃபையில் ஏற்றுவது எல்லாம் சேர்த்து என்று எங்கள் குழுவிடம் ஒரு ஸ்டூடியோ 60,000 ரூபா வாங்கியது. நாலு மாதம் கழித்து எங்கள் சொந்த யூடியூப் வீடியோவுக்கே, பாட்டு வேறொருவருடையது என்று உரிமைக்கோரல் வந்தது. கோரியது அதே ஸ்டூடியோ.

வலை விரிப்பது ஒரே வசனத்தில்தான்: "தம்பி, பேபாலுக்குக் காசு எடுக்க ஏலா, நம்மட கணக்கால ஏத்துவம்." இலங்கையில் பேபாலால் காசு அனுப்பலாம், பெற முடியாது என்பது பல வருடத்துப் பிரச்சினை, அதனால் அந்தப் பேச்சு நியாயமாகவே படும். ஆனால் பாட்டை ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றி, வருமானத்தைப் பேயோனியர் என்ற பணமாற்றுச் சேவை வழியாகவோ நேரே வங்கிக்கோ அனுப்பும் விநியோக நிறுவனங்கள் இருக்கின்றன. கணக்குத் திறக்க முன்னர், இலங்கைக்கு எந்த வழியில் அனுப்புகிறார்கள் என்று அவர்களின் உதவிப் பக்கத்தில் பாருங்கள். குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து, அதிலேயே பதிவுசெய்யுங்கள்.

ஏமாற்றைக் காட்டிக்கொடுத்தது ஒரு சின்ன வரி. ஸ்பொட்டிஃபையில் அல்பத்தின் அடியில், வட்டத்துக்குள் பி எழுத்து இருக்கும். அதற்குப் பக்கத்தில் வருடமும் ஒலிப்பதிவு உரிமையாளரின் பெயரும். எங்கள் பாட்டுகளில் அங்கே ஸ்டூடியோவின் பெயர் இருந்தது. வெளியான அன்றே பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டை எங்கும் பதிவுசெய்யாமலே பதிப்புரிமை உண்டு. அதற்காக, காசு கொடுத்தோம், மாஸ்டரும் (முடிந்த இறுதி ஒலிப்பதிவு) எங்களுடையது என்று சும்மா இருக்காதீர்கள். ஒலிப்பதிவின் உரிமை குழுவுக்கே, ஸ்டூடியோவுக்குக் கூலி மட்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு முற்பணம் கொடுங்கள்.

மிச்சக் காசைக் கொடுக்கும் நாளில் பென்டிரைவைக் கையில் வாங்கி, அங்கேயே திறந்து பாருங்கள். 24 பிட் வேவ் மாஸ்டர், குரல் இல்லாத மிக்ஸ், ஸ்டெம்கள் (குரல், வாத்தியங்கள் என்று தனித்தனியாகப் பிரித்த ஒலிக்கோப்புகள்) மூன்றும் வேண்டும். ஸ்டெம் ஒவ்வொன்றும் பாட்டின் அதே பூச்சியப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடத்தில் மிக்ஸ் செய்யும்போது ஒன்றோடொன்று பொருந்தாது. எங்களுக்குத் தந்த "வேவ்" எம்பி3இலிருந்து மாற்றியது. ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படம்) பார்த்தால் தெரியும்: 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியது மாதிரி வெறுமையாக இருக்கும்.

10,000 ஸ்ட்ரீம் எடுத்துத் தருகிறோம் என்றும் காசு கேட்பார்கள். கொடுக்க வேண்டாம். அது ஆட்கள் கேட்பதல்ல, பொட் என்ற தானியங்கி நிரல் கேட்பது. ஸ்பொட்டிஃபை கண்டுபிடித்தால் அந்த எண்ணிக்கையைக் கழிக்கும், பாட்டே தூக்கப்படலாம். 2024இலிருந்து, 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் வராத பாட்டுக்கு அங்கே காசும் இல்லை. அந்தப் பயத்தைக் காட்டித்தான் இதை விற்கிறார்கள். பிளேலிஸ்டுக்கு விண்ணப்பிப்பது இலவசம். வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னர், ஸ்பொட்டிஃபை ஃபோர் ஆர்ட்டிஸ்ட்ஸில் நீங்களே அனுப்பலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் ஒவ்வொரு பாட்டின் ஐஎஸ்ஆர்சி இலக்கத்தையும் எழுதி எடுங்கள், அது அந்த ஒலிப்பதிவின் அடையாள இலக்கம், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 கொண்டது. சொந்தக் கணக்கில் அதே ஒலிக்கோப்பை, அதே தலைப்போடும் இலக்கத்தோடும் ஏற்றினால் பழைய ஸ்ட்ரீம் கணக்கு பெரும்பாலும் தொடரும். புதியது வந்த பிறகே பழையதை நீக்கக் கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல், வங்கிச் சிட்டை, ஸ்டெம் கோப்புகளைப் பத்திரப்படுத்துங்கள்.

யூடியூப் கோரலை ஐந்து நாளுக்குள் மறுத்தால், கோரல் வந்த நாளிலிருந்தான வருமானம் முழுவதையும் முடிவு வரும்வரை ஸ்டூடியோவுக்குக் கொடுக்காமல் யூடியூப் தடுத்து வைக்கும். பிந்தினால் மறுத்த நாளிலிருந்துதான். பதில் சொல்ல ஸ்டூடியோவுக்கு 30 நாள். அதற்குள் பேசாவிட்டால் கோரல் தானாக விலகும்.