குறட்டைக் கிளிப்பின் சாவி: ஊரில் பல் டாக்டர் தேடிய கதை

இந்த முறை ஊருக்குப் போனபோது வீட்டு வேலை, வங்கி வேலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது குண்டூசியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கம்பி.

எனக்கு ஸ்லீப் ஆப்னியா உண்டு. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பாகம் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றாலோ, காற்று வெகுவாகக் குறைந்து ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினாலோ அது ஒரு கணக்கு. மணிக்கு 5 முதல் 15 முறை என்றால் லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு 22. முதலில், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் இயந்திரம்தான் கொடுத்தார்கள். 1981ல் ஆஸ்திரேலியாவில் காலின் சலிவன் கொண்டுவந்த அந்தக் காற்றழுத்த முறைதான் இன்றும் முதல் சிகிச்சை. ஆனால் நான் தூக்கத்திலேயே முகமூடியைக் கழற்றி எறிந்துவிடுவேன். கடைசியில் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அவர் செய்து கொடுத்தது மேல்பல்லுக்கு ஒன்று, கீழ்ப்பல்லுக்கு ஒன்று என இரண்டு தட்டுகள் உள்ள கிளிப். போட்டுக்கொண்டால் கீழ்த்தாடை சற்று முன்னால் நிற்கும். தாடையோடு நாக்கும் முன்னால் வருவதால் தொண்டை திறந்திருக்கும். பக்கத்துக்கு ஒரு சின்னத் திருகு. சாவி போன்ற கம்பியை அதில் செருகித் திருப்பினால் தாடை மயிரிழை மயிரிழையாக முன்னே போகும். எடுத்த எடுப்பில் அதிகம் இழுத்தால் தாடை மூட்டு வலிக்கும் என்பதால், சில நாளுக்கு ஒரு திருப்பு என்று வாரக்கணக்கில் போகிற வேலை இது. அதன் நடுவில்தான் ஊர்ப்பயணம் வந்தது. கிளிப் கைப்பையில் இருந்தது. சாவி இருந்த பெட்டியை விமான நிறுவனம் வேறு எங்கோ அனுப்பிவிட்டது.

சாவி இல்லாவிட்டால் உயிர் போகாது. இருந்த நிலையிலேயே கிளிப்பைப் போட்டுத் தூங்கலாம். ஆனால் அண்ணன் காலையில் எழுந்ததும், “நேத்து ராத்திரி லாரி ஓட்டினியா?” என்று கேட்டபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் போன கிளினிக்கில் முன்மேசைப் பெண் டப்பாவைத் திறந்து பார்த்தார். “பல்செட் லூஸா இருக்கா சார்?” என்றார். இல்லைம்மா, இது குறட்டைக்கு என்றேன். “குறட்டைக்கு ஏன் சார் பல் டாக்டர்கிட்ட வந்தீங்க? காது மூக்கு தொண்டை டாக்டரப் பாருங்க” என்று டப்பாவை மூடிக் கையில் கொடுத்துவிட்டார். டாக்டர் உள்ளேதான் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

அடுத்தது கண்ணாடியும் குளிர்சாதனமுமாகப் பளபளக்கிற இடம். நான் வாழும் நாட்டில்கூட இவ்வளவு நல்ல நாற்காலி பார்த்ததில்லை. அங்கே கேள்வியே இல்லை. “சாவிய விடுங்க சார், நாளைக்கே புதுசு போட்டுத் தரோம்” என்றார்கள். வெந்நீரில் போட்டு இளக்கி, கடிக்க வைத்து அச்செடுக்கிற ரகம். தூக்கப் பரிசோதனை செய்தீர்களா, எத்தனை வந்தது, இப்போது தாடை எவ்வளவு முன்னால் இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டை நானே நீட்டியும் புரட்டிப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபம் இங்கேதான். 2015ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பும் பல் தூக்க மருத்துவ அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலே தெளிவாகச் சொல்கிறது: ஆளுக்கு அளவெடுத்துச் செய்த, தாடையைக் கூட்டிக் குறைக்க முடிகிற கருவிதான் வேண்டும். அதைத் தகுதி பெற்ற பல் மருத்துவர் பொருத்த வேண்டும். பிறகு அது வேலை செய்கிறதா என்று மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். கிளிப் போட்டதும் சத்தம் குறையும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உள்ளே மூச்சு நின்று நின்று வருவது அப்படியே இருக்கலாம். சத்தத்தை மட்டும் அடக்கி அனுப்பிவிட்டால், பகல் தூக்கமும் ரத்த அழுத்தமும் எதனால் என்றே தெரியாமல் அந்த ஆள் வருஷக்கணக்கில் அலைவார்.

அலுத்துப்போய் அண்ணன் பையனுக்குப் பல் கட்டும் டாக்டரம்மாவிடம் போனேன். பழைய கட்டடம், டோக்கன், மர பெஞ்சு, பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். என் முறை வர நெடுநேரம் ஆயிற்று. டப்பாவைத் திறந்து பார்த்த டாக்டரம்மா மேசை இழுப்பறையை இழுத்தார். உள்ளே ஒரு கட்டு சாவிகள்! சின்னப் பிள்ளைகளுக்கு மேலண்ணத்தை விரிக்கப் போடுகிற கிளிப்பிலும் இதே மாதிரித் திருகுதானாம். தினம் கையாளுகிற சாமான். ஒன்றை எடுத்து என் கிளிப்பில் செருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

உடனே கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. “ரிப்போர்ட் இருக்கா?” என்றார். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கீழ்த்தாடையை முடிந்தவரை முன்னால் தள்ளச் சொல்லி ஓர் அளவு, முழுக்கப் பின்னால் இழுக்கச் சொல்லி இன்னோர் அளவு எடுத்தார். கிளிப் இப்போதே அதில் எழுபது சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது என்றார். இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். இடப்பக்கம் ‘டக்’ என்றது. அந்தச் சத்தம் எனக்கே அதுவரை தெரியாது. அப்புறம், பல்லும் பல்லும் எங்கே முட்டுகிறது என்று காட்டும் நீலக் காகிதத்தைக் கடிக்கக் கொடுத்தார். வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் நீலம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

“காலையில கிளிப்ப எடுத்ததும் பல்லு சரியா சேருதா?” சேர அரை மணி ஆகும் என்றேன். “இனிமே திருப்பாதீங்க சார். இந்தத் தாடை இதுக்கு மேல போனா பல் கடிக்கிற விதமே நிரந்தரமா மாறிடும்” என்றார். காலையில் தாடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மெல்லிய பிளாஸ்டிக் கடிகட்டை ஒன்றை அங்கேயே செய்து கொடுத்தார். மறுபரிசோதனைக்கும் அவரே ஒரு நுரையீரல் டாக்டருக்கு போன் போட்டார். கடைசியில் சாவியையும் கையில் கொடுத்தார். “பின்னால திருப்ப வேண்டி வந்தா வேணும்ல” என்று சிரிப்பு வேறு.

நான் இருக்கும் நாட்டில் இதற்கு முதலில் குடும்ப டாக்டரைப் பார்க்க வேண்டும், அவர் கடிதம் எழுத வேண்டும், அந்தக் கடிதம் ஒரு வரிசையில் நிற்க வேண்டும். கிளிப் செய்து கொடுத்த டாக்டரே என் தாடை மூட்டில் கடைசியாக விரல் வைத்தது எப்போது என்று நினைவில்லை. தொலைபேசியில் “இன்னொரு திருப்பு திருப்புங்கள்” என்பதோடு சரி. ஊரிலோ அன்று மாலையே பரிசோதனைக் கருவி வீட்டுக்கு வந்துவிட்டது. விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டை. பொருத்திவிட்டுப் போன பையன் பட்டையை எதற்கு இறுக்குகிறோம் என்பதைக்கூட விளக்கிச் சொன்னான். முடிவு மணிக்கு 8, அதிலும் பெரும்பகுதி மல்லாந்து படுத்தபோது. திருகைத் தொடாமல் ஒருக்களித்துப் படுக்கப் பழகினாலே இன்னும் குறையும் என்றார் டாக்டரம்மா.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர் எழுதிக் கொடுத்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தாடை அளவு, மூட்டுச் சத்தம், நீலக் காகிதம் எல்லாவற்றையும் எழுதி என் வெளிநாட்டு டாக்டருக்கு ஒரு கடிதம் தரச் சொல்லிக் கேட்டேன். “நீங்களே சொல்லிடுங்க சார், அவங்களுக்குப் புரியும்” என்று மருந்துச் சீட்டில் இரண்டு வரி கிறுக்கினார். அதில் தேதியைத் தவிர எதையும் என்னால் படிக்க முடியவில்லை. இங்கே திரும்பி வந்து அதை ஸ்கேன் செய்து அனுப்பினேன். முறையான மருத்துவக் கடிதம் இல்லாமல் கோப்பில் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. முன்பு திட்டமிட்டபடி அடுத்த திருப்பைத் திருப்பச் சொல்லியிருக்கிறார்கள். திருப்பவில்லை.