வாள் பராமரிப்புப் பெட்டி: அந்தப் பொடி உருண்டையை மட்டும் தொடாதீர்கள்

பழைய ஜப்பானிய வாள் வாங்கியவர்கள் அடுத்து ஆர்டர் செய்வது பராமரிப்புப் பெட்டியைத்தான். ஆன்லைனில் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே: சோஜி எண்ணெய்க் குப்பி, குச்சி முனையில் துணி உருண்டையாகக் கட்டிய உச்சிகோ பொடி, துடைக்கும் தாள், எண்ணெய் தடவ ஒரு துண்டுத் துணி, ஆணி கழற்றும் சின்னச் சுத்தியல். 30, 40 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைக்கும் இந்த ரகத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அழகுக்கு மாட்டி வைத்த புது வாளுக்கு எதைத் தடவினாலும் குடி முழுகிப் போகாது. இடுப்பில் வாள் தரிக்கத் தடை வந்த 1876-க்கு முன் அடித்த வாள் என்றால் கதை வேறு.

முதலில் சுத்தியல். கைப்பிடியில் இருக்கும் மூங்கில் ஆணி, அதாவது மெகுகி, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும். மெலிந்த பக்கத்திலிருந்துதான் தட்ட வேண்டும். மாற்றித் தட்டினால் ஆணி இறுகும், துளையும் பிளக்கும். சுத்தியல் முழுக்கப் பித்தளையா, மேலே மட்டும் பூச்சா என்று காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. பித்தளையாக இருந்தால் இந்தப் பெட்டியிலேயே உருப்படியான பொருள் இதுதான். ஆணி வந்தபின் கைப்பிடியின் அடியை இடது கையில் பிடித்து, வாளைச் சற்றுச் சாய்வாக மேல் நோக்கி நிறுத்தி, வலது கை முஷ்டியால் இடது மணிக்கட்டில் மெல்லத் தட்டினால் அலகு தளர்ந்து வரும். ஓங்கித் தட்டினால் மொத்தமாகத் துள்ளி வெளியே வந்துவிடும்.

உச்சிகோவுக்கு வருவோம். அசல் உச்சிகோ என்பது கியோத்தோ பக்கத்து உச்சிகுமோரி என்ற மெருகுக் கல்லை அரைத்துச் சலித்த பொடி. மலிவுப் பெட்டியில் எந்தக் கல்லின் பொடி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஒரே ஒரு கரடான துகள் போதும், அலகு நெடுக மயிரிழைக் கீறல் விழும். நல்ல பொடியும் தேய்க்கும் பொருள்தானே; திரும்பத் திரும்பப் போட்டால் மெருகு மங்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வெட்டுவாயோரம் அலையாக ஓடும் ஹமோன், அதன் விளிம்பில் மணல் தூவினாற்போல் மினுக்கும் நியே, அலகின் உடலில் மரவரி மாதிரித் தெரியும் ஹதா: காசு கொடுத்து வாங்கியது இதையெல்லாம்தான். மங்கினால் மறுமெருகு போடலாமே என்பார்கள். ஒவ்வொரு மெருகும் எஃகைக் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் போகும். தோல் தேய்ந்து உள்ளிருக்கும் மெல்லிரும்பு எட்டிப் பார்த்துவிட்டால் அந்த வாளை மீட்க வழியில்லை.

பழைய எண்ணெயைத் துடைத்தெடுக்கப் பொடிக்குப் பதில் 99 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் புது மைக்ரோஃபைபர் துணியும் போதும். ஃபார்மசியில் கிடைக்கும் 70 விழுக்காடு வேண்டாம், மீதி தண்ணீர். துணியை முதுகுப் பக்கத்திலிருந்து மடித்துப் பிடித்து, ஹபாக்கி என்ற செம்புப் பட்டையிலிருந்து நுனியை நோக்கி ஒரே போக்காகத் துடையுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் தூசு கீறும், விரலும் போகும். பெட்டியில் வரும் தாள் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். நன்றாகக் கசக்கி உதறாமல் அலகில் வைக்கக்கூடாது.

எண்ணெய் பரவாயில்லை ரகம். சோஜி என்றால் கிராம்பு. ஆனால் இன்று விற்பதில் பெரும்பங்கு மினரல் எண்ணெய், கிராம்பு வாசனைக்குத்தான். இதைக் கேட்டுவிட்டுத் தேக்காக் கடைகளில் பல்வலிக்கு விற்கும் கிராம்புத் தைலத்தை வாங்கித் தடவிவிடாதீர்கள். அது காற்றுப்பட்டுக் கறுத்துக் கெட்டியாகும். குப்பியில் வந்ததையும் ஒரு சொட்டு கண்ணாடியில் விட்டு இரண்டு வாரம் பாருங்கள். பிசுபிசுத்தால் குப்பைக்கு. தடவும்போது படலம் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். முத்து முத்தாக நின்றால் அதிகம். மிச்சம் உறைக்குள் ஊறி, தூசைப் பிடித்து, உறையே உப்புத்தாள் ஆகிவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும் என்பது ஜப்பானிய வழக்கம். ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே கிடக்கும் சிங்கப்பூருக்கு அது பொருந்தாது. மாதம் ஒருமுறை உருவிப் பாருங்கள். படலம் சீராக இருந்தால் துடைக்காமல் திரும்ப வையுங்கள். ஏர்கான் அறையில் குளிர்ந்த அலகை ஹாலுக்குக் கொண்டுவந்து உருவினால் கண்ணெதிரே வியர்க்கும், அதனால் அதே அறையில் பாருங்கள். கேமரா டிரை கேபினட் நல்லதுதான், ஆனால் ஷிராசாயா என்ற பூச்சில்லா மர உறையோடு ஒரு கட்டானா வாள் கிட்டத்தட்ட 1 மீட்டர் நீளம். சாதாரண அளவில் நுழையாது. நீளமான காற்றுப்புகாப் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரமானி ஆகியவை மலிவான வழி. 50 முதல் 55 விழுக்காட்டில் நிறுத்துங்கள். 40-க்குக் கீழே போனால் ஹோனோகி மர உறை சுருங்கி வாளைக் கவ்விக்கொள்ளும், சிலசமயம் விரிசலும் விடும்.

கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் நக்காகோ பகுதியின் கருந்துருவை மட்டும் சுரண்டவே கூடாது. காலத்தைக் கணிப்பவர்கள் பார்ப்பது அந்தத் துருவின் நிறத்தையும் அரம் ஓடிய தடத்தையும்தான். பளபளவென்று தேய்த்துக் கொண்டுபோனால் பெயர் பொறித்த வாளும் மதிப்பிழக்கும். அலகில் செந்துரு தென்பட்டால் எண்ணெய் பூசி நிறுத்திக்கொண்டு, முறையாகப் பயின்ற மெருகுக்காரரிடம் காட்டுங்கள். மெட்டல் பாலிஷ் கிட்டவே வரக்கூடாது.

ஆயுத பூசையன்று பொட்டு வைக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: ஈரச் சந்தனம் அலகில் அன்றே கறை போடும், வெறும் மர உறையிலும் ஊறும். பொட்டை வெளிப்பெட்டிக்கு வையுங்கள்.

பெட்டிக்கு மதிப்பெண் 5-க்கு இரண்டரை. சுத்தியல், எண்ணெய், துணி மூன்றையும் தனித்தனியாக வாங்க முடிந்தால் பெட்டியே வேண்டாம். பெட்டியை நினைத்தவுடன் வாங்கலாம், வாள் அப்படியல்ல: இறக்குமதிக்கு முன்பே போலீஸ் உரிமப் பிரிவில் விசாரித்துவிடுங்கள்.